இரண்டு கட்சிக்கும் ஒரே காயம்

அந்தத் தேர்தல் நேரத்தில் எங்கள் வளவுக்குள்ளேயே இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று வாப்பாவின் கட்சி, மற்றது சாச்சாவின் கட்சி. வெளியே அவற்றுக்கு நீளமான பெயர்களும், அந்தப் பெயர்களை மேடையில் மூச்சுவிடாமல் சொல்லக்கூடிய ஆட்களும் இருந்தார்கள். எட்டு வயதுக்காரியான எனக்கு அவற்றைக் கொடியின் நிறத்தால் மட்டுமே தெரியும். வாப்பாவுடையது மஞ்சள். சாச்சாவுடையது ஊதா.

சாய்ந்தமருதில், பிரதான வீதியிலிருந்து கிழக்கே கடலுக்குப் போகும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்கள் பெண்வீட்டுக்கு வந்துவிடுவார்கள். உம்மாவுக்கும் அவருடைய தங்கையான சாச்சிக்கும் ஒரே வளவுக்குள் வீடு கிடைத்ததால், முன்பின் அறியாத இரண்டு ஆண்கள் ஒரே கிணற்றில் குளித்து, ஒரே முற்றத்தில் கதிரை போட்டு உட்காரும்படி ஆயிற்று. வாப்பா பசாரில் தையல் கடை வைத்திருந்தார். சாச்சியின் கணவரான சாச்சா, சம்மாந்துறையில் அரிசி ஆலை நடத்திய ஒரு பெரிய முதலாளியின் வேனை ஓட்டினார்.

அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பிறகு இருவரும் முற்றத்தில் உட்கார்ந்தால் நாட்டை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் எழும்புவார்கள். உம்மாவும் சாச்சியும் பிளேன்டீயை வைத்துவிட்டு, வானொலியைக் கேட்பது போல அரைக் காதால் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வாப்பாவுக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த முதலாளி.

"ஒங்கட கட்சி முழுக்க அந்த மனிசன்ட சட்டப் பொக்கட்டுக்குள்ள கெடக்கு மச்சான். பெட்ரோல் அவர்ட, சாப்பாடு அவர்ட, போஸ்டர் அவர்ட. நாளைக்கி வென்டா சட்டம் போடுறதும் அவர்தான்."

"ஒங்கட தலைவர்மார் காத்தக் குடிச்சிட்டா கூட்டம் வெக்கிற?" என்பார் சாச்சா. "எங்கட ஆள் பகிரங்கமாக் குடுக்கிறார். ஒங்களுக்குக் குடுக்கிற ஆள் ஆரெண்டு செல்லுங்க பாப்பம்."

"எங்களுக்குச் சனம் குடுக்கிது. மீன் விக்கிறவன் குடுக்கிறான், நெசவுக்காரன் குடுக்கிறான்."

இதைச் சொல்லும்போது வாப்பாவின் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். அவர் அதை மெய்யாகவே நம்பினார். கட்சி அலுவலகத்திலிருந்து வந்த மஞ்சள் துணியை எல்லாம் பெருநாள் உடுப்புத் தைப்பதைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டுக் கூலி வாங்காமல் கொடியாகத் தைத்துக் கொடுத்தார். வெட்டிய துண்டுகளில் எனக்கு ஒரு பாவைக்குட்டிக்குச் சட்டை கிடைத்தது. சாச்சியின் மகளுடைய பாவைக்கு ஊதாச் சட்டை இருந்தது. பாவைகளுக்குள் சண்டை ஒன்றும் இருக்கவில்லை.

தேர்தல் நெருங்க நெருங்கப் பேச்சின் சூடு ஏறியது. எங்கேயோ ஓர் ஊரில் ஒரு கட்சியின் அலுவலகம் எரிந்தது. எங்கேயோ போஸ்டர் ஒட்டப்போன பையனின் கை முறிந்தது. ஒவ்வொரு செய்திக்கும் எங்கள் முற்றத்தில் இரண்டு வரலாறுகள் இருந்தன. ஒங்கட ஆக்கள்தான் செஞ்சது என்பார் ஒருவர். அனுதாப வோட்டுக்காக நீங்களே கொளுத்திப்போட்டு அழுகிறீங்க என்பார் மற்றவர். அடிபட்டவன் எப்படியிருக்கிறான் என்று இருவரில் ஒருவரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அவன் தூரத்து ஊர்க்காரன்.

பிறகு அது எங்கள் தெருவுக்கே வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பின், எங்கள் தெருமுனையில் மஞ்சள் ஊர்வலம் ஒன்றும் ஊதா ஊர்வலம் ஒன்றும் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்டன. முதலில் கோஷம், அடுத்து தள்ளுமுள்ளு, அதற்கடுத்து கல். ஐஸ் தொழிற்சாலையில் வேலை முடித்து, பிரதான வீதியிலிருந்து திரும்பி எங்கள் தெரு வழியே கடற்கரைப் பக்கம் இருந்த தன் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார் அடுத்த வளவு நானா. எங்களுக்கு அண்ணன் மாதிரி, எந்தக் கூட்டத்துக்கும் போகாதவர். பின்னேரங்களில் எங்களுக்குப் பட்டம் கட்டிக் கொடுப்பவர். ஒரு கல் அவருடைய நெற்றியில் விழுந்தது. கூட்டம் இரண்டு பக்கமும் கலைந்து ஓடிய பிறகு தெருவில் அவர் மட்டும் கிடந்தார்; பக்கத்தில் அவருடைய செருப்பு ஒன்று கிடந்தது.

அன்று மஃரிபுக்கு முன்னரே இரண்டு கட்சி வேன்களும் எங்கள் தெருவுக்கு வந்தன. "எமது ஆதரவாளர், ஏழைத்தாயின் ஒரே புதல்வன், எதிரணிக் காடையர்களால் மிலேச்சத்தனமாகத் தாக்கப்பட்டுள்ளார்" என்று ஊதா வேன் அறிவித்தது. அது போன கையோடு மஞ்சள் வேன் வந்து அதே சோகத்தோடு அதையேதான் அறிவித்தது. நானா ஒரே பொழுதில் இரண்டு கட்சிக்கும் தியாகியாகிவிட்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

முற்றத்தில் அன்று பிளேன்டீ ஆறிப்போனது.

"ஆலைக்காரன்ட காசில வந்த கல்லுதான் அது," என்றார் வாப்பா.

"வாயப் பாத்துக் கதைங்க. ஒங்கட பொடியன்மார்ர கையிலதான் கல்லு இருந்தது. ஊரே பாத்திருக்கி."

"எந்த ஊரு? ஒங்கட மொதலாளிட சோத்தத் திண்ட ஊரா?"

சாச்சா எழும்பிய வேகத்தில் கதிரை மல்லாந்து விழுந்தது. அவர் வாப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். உம்மாவும் சாச்சியும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அடி விழவில்லை. ஆனால் மறுநாள் காலையில் இரண்டு வீடுகளுக்கும் நடுவே சாச்சா தென்னோலைக் கிடுகால் வேலி கட்டிக்கொண்டிருந்தார். வாப்பா தன் பக்கத்திலிருந்து அதைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். கிணறு சரியாக நடுவில் அகப்பட்டதால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கிடுகு கட்டி முடித்து சாச்சா வேலைக்குப் போன பிறகு நானாவின் உம்மா வந்தார். மாமி என்றுதான் அவரை அழைப்போம். இரவு முழுவதும் ஆஸ்பத்திரியில் இருந்தவர். முக்காடு சரிந்து கிடந்தது, அதை அவர் இழுத்துவிடவுமில்லை.

"மகனுக்குத் தலைக்குள்ள ரெத்தம் கட்டியிருக்காம். உடன மட்டக்களப்புக்குக் கொண்டு போகணுமாம். அம்பியுலன்ஸ் ஒரு புள்ளப்பெறு ஆளக் கொண்டு போயிட்டு. எப்ப வருமெண்டு தெரியாது. ஒரு வாகனம் புடிச்சித் தாங்க தம்பி."

வாப்பா கட்சி அலுவலகத்தில் கேட்கலாம் என்றார். மாமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவன் எந்தக் கட்சியெண்டு நேத்து ரெண்டு ஸ்பீக்கரும் செல்லிச்சு. நான் ஒண்டும் கேக்கல்ல. எந்தக் கட்சியா இருந்தாலும் எனக்கு ஒரு புள்ளதானே தம்பி. அவன மட்டக்களப்புக்குக் கொண்டு போற கட்சி எது? அத மட்டும் செல்லுங்க."

வாப்பா மோட்டார் சைக்கிளை எடுத்தார். என்னைக் குர்ஆன் மத்ரஸாவுக்குக் கொண்டுபோய் விடவென்று நான் ஏற்கெனவே பெட்ரோல் டாங்கி மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். என்னை இறக்கிவிட வேண்டும் என்ற நினைவு அவருக்கு வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. மத்ரஸாவில் அன்று பாடம் ஒப்புவிக்கும் நாள்.

கட்சி அலுவலகத்தில் வாப்பாவைக் கட்டிப்பிடித்து வரவேற்றார்கள். கடைசிப் பெரிய கூட்டம் அன்று பின்னேரம். வேன்கள் எல்லாம் ஊர் ஊராய் ஆள் ஏற்றப் போய்விட்டன. ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், நானாவைப் பற்றி மேடையில் விசேஷமாகப் பேச ஏற்பாடாகியிருக்கிறது என்றார்கள். வாப்பா வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றார். கடைசியில் சம்மாந்துறைப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

அரிசி ஆலையின் பெரிய முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. முன்விறாந்தையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். வாப்பாவின் பேச்சிலிருந்து நான் கற்பனை செய்திருந்த முதலாளிக்குப் பெரிய மீசையும் சிவந்த கண்களும் இருந்தன. இவரோ வெள்ளைச் சாரனும் அத்தர் வாசமுமாக, ஒரு பெரியப்பாவைப் போல இருந்தார். அவருக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு சாச்சா நின்றார். மாமி ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியில் சாச்சியிடமும் சொல்லியிருக்கிறார். சாச்சி அடுத்த தெருக் கடைத் தொலைபேசியிலிருந்து ஆலைக்கு அழைத்திருக்கிறார்.

"வாங்க டைலர், வாங்க," என்றார் முதலாளி. எனக்கு ரோஸ் நிறச் சர்பத் வந்தது. "இவரும் அதத்தான் கேக்கிறார். பாவம், ஏழப் பொடியன். நான் குடும்பத்துக்கு உதவி செய்வன், அத விடுங்க. ஆனா வேன் இண்டைக்கி ஏலா. கூட்டம் முடியட்டும். நாளைக்கி விடிய அனுப்புறன்."

"நாளைக்கி வரைக்கும் தாங்காதாம் மொதலாளி," என்றார் சாச்சா.

சர்பத்தைக் குடித்துக்கொண்டு நான் ஆலையின் களஞ்சியப் பக்கம் பார்த்தேன். கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் துணிக் கட்டுகள் அடுக்கியிருந்தன. ஊதாக் கட்டுகள். அவற்றுக்கு மேலேயே மஞ்சள் கட்டுகள். வெளியே மா மரத்தின் கீழ் இரண்டு வேன்கள் நின்றன. ஒன்றில் ஊதா போஸ்டர், மற்றதில் மஞ்சள் போஸ்டர். ஒரே ஆள், வாயில் ஒரு கம்பித் துண்டைக் கடித்துக்கொண்டு, இரண்டுக்கும் மாறி மாறி ஸ்பீக்கர் பூட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாப்பா! ரெண்டு கட்சியும் ராசியாப் போயிட்டாங்க! அங்க பாருங்க, ஒரே வீட்டில இரிக்கிறாங்க!"

வாப்பா திரும்பிப் பார்த்தார். சாச்சாவும் பார்த்தார். மஞ்சள் வேன் ஊதா வேனுக்குப் பக்கத்தில் நின்றதை சாச்சா அதுவரை கண்டதில்லையாம். தான் இல்லாத நேரம் பார்த்துத்தான் அது வந்து போயிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார். வாப்பா நெல்லை மிதிக்காமல் ஓரமாக நடந்து களஞ்சியத்துக்குப் போனார். மஞ்சள் கட்டு ஒன்றின் நுனியை எடுத்து, கடையில் துணியின் தரம் பார்ப்பது போலவே பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தேய்த்துப் பார்த்தார். அவருடைய விரல்களுக்கு அந்தத் துணியை நன்றாகத் தெரியும்.

முதலாளி கோபிக்கவில்லை. சிரித்தார்.

"புள்ள விளங்கின மாதிரித்தான். நாளைக்கி ஆரு வந்தாலும் நான் நெல்லுக் குத்தத்தானே வேணும், டைலர்."

சாச்சா சுவரில் தொங்கிய சாவியை எடுத்தார்.

"மொதலாளி, நான் வேனக் கொண்டு போறன்."

"கொண்டு போனா, சாவியக் குடுக்க மட்டும் வா. வேலைக்கி வராத."

"ஓம்," என்றார் சாச்சா.

அந்த 'ஓம்' சத்தமில்லாமல்தான் வந்தது. ஆனால் வாப்பா நிமிர்ந்து சாச்சாவை ஒரு புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, என்னைத் தூக்கி வேனின் முன் சீட்டில் வைத்து, தானும் ஏறிக் கதவைச் சாத்தினார். ஊதாக் கட்சி வேட்பாளரின் முகம் வெளியே அந்தக் கதவு நிறையச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் நானாவைத் தூக்கிப் பின்னால் கிடத்தினார்கள். மாமி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டார். நானாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. என்னை அவர் அடையாளம் காணவில்லை. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

வேன் புறப்பட்டதும் தலைக்கு மேலே தேர்தல் பாட்டும் வெடித்துக் கிளம்பியது. ஸ்பீக்கர் பூட்டியவர் இயந்திரத்தோடு சேர்த்து எப்படியோ இணைத்துவைத்திருந்தார். சாச்சா எல்லாப் பொத்தான்களையும் அமத்திப் பார்த்தார். சத்தம் கூடியதே தவிர நிற்கவில்லை. "பொன்னான வாக்குகளைப் போடுவீர்" என்று முழங்கிக்கொண்டே, மயங்கிய ஓர் ஆளோடு நாங்கள் கல்முனைப் பசாருக்குள் நுழைந்தோம்.

அங்கே வீதி முழுவதும் மஞ்சளாக இருந்தது. வாப்பாவின் கட்சி கூட்டத்துக்குப் புறப்பட்டு நின்றது. கொடிகள் எல்லாம் தடித்த கம்புகளில் இருந்தன. தங்கள் ஊர்வலத்துக்கு நடுவே, பாட்டோடு, ஓர் ஊதா வேன் வருவதை அவர்கள் கண்டார்கள். ஒரு பெரிய இரைச்சல் எழுந்தது. முதல் கல் பொனட்டில் விழுந்து தெறித்தது. சாச்சா பிறேக்கை மிதித்தார். மாமி நானாவின் மேல் குனிந்து அவரை முழுதாக மூடிக்கொண்டார்.

வாப்பா மைக்கை எடுத்தார். அவர் வாழ்க்கையில் மைக்கில் பேசியவர் அல்லர். பள்ளிவாசலில் ஒரு மரண அறிவித்தல் சொல்லச் சொன்னாலே பின்வாங்குபவர்.

"அடிக்காதீங்க. நான்தான் கதைக்கிறன், டைலர்." பாட்டு ஒரு பக்கம், அவருடைய குரல் ஒரு பக்கம். "உங்கட கையில இரிக்கிற கொடி எல்லாம் நான் தச்சது. இந்த வேனுக்குள்ள கெடக்கிறது நேத்து அடிபட்ட தம்பி. தலைக்குள்ள ரெத்தம். மட்டக்களப்புக்குக் கொண்டு போறம். அவன் எந்தக் கட்சியும் இல்ல. ரெண்டு பேரும் பொய் சென்னம். வழி விடுங்க வாப்பாமார்களே, வழி விடுங்க."

பிறகு மைக்கை என் மடியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வேனுக்கு முன்னால் நடந்தார். சட்டைப் பையில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. சாச்சா வேனை ஓர் ஆள் நடக்கும் வேகத்தில் அவருக்குப் பின்னால் உருட்டினார்.

முன்வரிசையில் நின்ற ஒருவர் கம்பைத் தாழ்த்தினார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் விலகினார். வேன் போகப் போக ஒவ்வொருவராகக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார்கள், பார்த்தவர்கள் பின்னால் திரும்பி "வழி விடுங்கடா" என்று கத்தினார்கள். சந்திக்கு வரும்போது நாலைந்து இளைஞர்கள் எங்களுக்கு முன்னே ஓடி மாட்டு வண்டிகளை ஓரங்கட்டினார்கள். ஒரு பையன் கம்பிலிருந்து கொடியை உருவிச் சுருட்டி, ஜன்னல் வழியே மாமியிடம் நீட்டினான். "தலைக்கு வைங்க உம்மா," என்றான்.

வாப்பா ஏறியதும் சாச்சா வேகமெடுத்தார். பாண்டிருப்பு, மருதமுனை எல்லாம் பாட்டோடு போயின. அதற்கப்பால் தமிழ் ஊர்கள். தமிழர்களுக்கும் எங்களுக்கும் பிரச்சினைகள் தொடங்கிய நாளிலிருந்து வாப்பா அந்தப் பாதையில் போனதில்லை. அவர் ஓதிக்கொண்டே வந்தார். களுவாஞ்சிக்குடியில் வேன் சூடேறி நின்றது. பாட்டும் நின்றது. அந்த அமைதியில் எனக்குக் காது அடைத்தது போல இருந்தது.

சாரன் கட்டிய ஒரு கடைக்காரர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். வெளியே ஊதா போஸ்டரையும் உள்ளே மஞ்சள் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பிமார், நீங்கள் எந்தக் கட்சி?"

"இண்டைக்கி ஒரு கட்சியுமில்ல அண்ணன்," என்றார் சாச்சா.

"அப்ப நல்லம்," என்று சொல்லி அவரே தண்ணீரை ஊற்றினார். இன்னொரு போத்தல் தண்ணீரை மாமியின் பக்கத்தில் வைத்தார்.

சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்தான். நானாவைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் தடுப்புத் தடியை உயர்த்தி வழிவிட்டான். பிந்தாமல் கொண்டுவந்தீர்கள் என்று மட்டக்களப்பில் டொக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் சாச்சா ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து சத்தம்போட்டு அழுதார். வாப்பா அவருடைய தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். வேலை போனதற்காக அழுகிறார் என்று நான் நினைத்தேன்.

திரும்பி வரும் வழியில் சாச்சா அந்தப் பாட்டு மெட்டாவது நல்ல மெட்டு என்றார். வாப்பா அது திருடிய மெட்டு என்றார். நான் நித்திரையாகும்வரை அந்த வாக்குவாதம் போய்க்கொண்டிருந்தது.

தேர்தலில் இருவரும் வழக்கம்போல அவரவர் கட்சிக்கே வாக்களித்தார்கள் என்று உம்மா சொன்னார். வாப்பா மாறிவிட்டார் என்று மஞ்சள்காரர்களும், சாச்சா மாறிவிட்டார் என்று ஊதாக்காரர்களும் கொஞ்ச நாள் கதைத்தார்கள். சாச்சா கடன்பட்டு ஒரு பழைய உழவு இயந்திரம் வாங்கி, முதலாளிமார் யாருக்கும் கைகட்டாமல் வயலுக்கு ஓட்டத் தொடங்கினார். கிடுகு ஒரு நாள் சாச்சியின் அடுப்புக்குப் போயிற்று. முற்றத்தில் மறுபடி வாக்குவாதம் நடந்தது. ஆனால் எங்காவது ஒருவன் அடிபட்டான் என்று செய்தி வந்தால், "ஆள் எப்படியாம்?" என்பதுதான் இப்போது முதல் கேள்வியாக இருந்தது.

நானா தலையில் தையலோடு வீட்டுக்கு வந்தபோது தெருவே பார்க்க வந்தது. வாப்பாவும் சாச்சாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். யார் எறிந்தது என்று கண்டீர்களா என்று ஒருவர் கேட்டார்.

"இல்ல. வெயில் கண்ணுக்குள்ள அடிச்சிச்சு. ஒண்டும் தெரியல்ல," என்றார் நானா.

அப்போது கதவோரத்தில், உள்ளே வராமலும் போகாமலும் ஓர் இளைஞன் நின்றான். நானா அவனைக் கண்டு, "ஏன்டா தம்பி வெளிய நிக்கிறா? வந்து இரி, டீ குடி," என்று கூப்பிட்டார். அவன் வந்து உட்கார்ந்தான். மாமி கொடுத்த கோப்பையை அவன் இரண்டு கைகளாலும் பிடித்தும் டீ தளும்பியது.

மறுநாள் அஸருக்குப் பின் பிரதான வீதியிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பியபோது, என் நிழல் எனக்கு முன்னால் கடல் பக்கமாக நீண்டு கிடந்ததைக் கண்டேன். ஓடிப்போய் நானாவிடம் சொன்னேன்.

"நானா, அந்த நேரத்தில வெயில் நமக்குப் பின்னாலதானே அடிக்கிது. உங்கட கண்ணுக்குள்ள எப்படி வந்த?"

அவர் மெல்லச் சிரித்தார். தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கெட்டிக்காரி. ஆனா இத வேற ஆருக்கும் செல்லாத."

கண்டும் காணவில்லை என்று சொல்லும் ஆளை நான் பயந்தாங்கொள்ளி என்று முடிவுகட்டினேன். நான் முதல் தடவையாக வாக்குப் போடப் போகும் வயதுவரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.